மேட்டில் வைத்த கை

1

இந்தக் கோடையில் என் மகளை ஒரு சைக்கிள் பந்தயத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு செய்தது என்னுடைய வலது கை. அது அப்படிச் செய்ததற்குக் காரணம் வடமாலபேட்டைக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கிற ஒரு மேடு. இதை இங்கே இருப்பவர்களுக்கு எவ்வளவோ விளக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் பெயர் ரேணுகா. நியூசிலாந்தின் தென் தீவில், கடலோரத்து ஊர் ஒன்றின் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சொந்த ஊர் வடமாலபேட்டைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்க் குடியிருப்பு. ஆந்திராவில் தமிழா என்று புருவத்தைத் தூக்க வேண்டாம். நீங்கள் சென்னையிலிருந்து திருப்பதிக்கு பஸ்ஸில் போயிருப்பீர்கள். புத்தூர் தாண்டியதும் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கியிருப்பீர்கள். நீங்கள் தூங்கிய இடம்தான் எங்கள் ஊர்.

இந்த வயதில் எனக்கு எதற்கு சைக்கிள் என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். உண்மையைச் சொல்கிறேன். என் மகள் ஹாசினிக்காகத்தான். என் கணவர் பாஸ்கர் பலமனேர்க்காரர், அவர் வீட்டில் தெலுங்கு. ஹாசினி சின்னக் குழந்தையாக இருந்தபோது என்னோடு தமிழும் அப்பாவோடு தெலுங்கும் பேசினாள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் இரண்டையும் செருப்பு மாதிரி வாசலிலேயே கழற்றி விட்டுவிட்டாள். அதுகூடப் பரவாயில்லை. பதினாலு வயதில் இங்கிலீஷ் பேச்சும் குறைந்தது. கேட்டால் "ம்", இல்லாவிட்டால் "ஓகே". சண்டை ஒன்றுமில்லை. சண்டை போட்டிருந்தால்கூட நாலு வார்த்தை பேசியிருப்போம்.

அந்த வருஷம் அவள் பள்ளிக்கூடத்தின் மலை சைக்கிள் அணியில் சேர்ந்தாள். காட்டுக்குள் கல்லிலும் வேரிலும் ஓட்டுகிற பந்தயம் அது. அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, கார் நிறுத்துகிற இடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. கூட வேலை செய்கிற ஒருத்தி விற்க வைத்திருந்த சைக்கிளை வாங்கிவிட்டேன். மகளோடு பேச ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். சாக்கு வேலை செய்தது. கியர், டயர், காற்று, சேறு என்று நாங்கள் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தோம். ஹாசினி பேசுவது இங்கிலீஷில்தான். இங்கே நான் தமிழில் எழுதுகிறேன்.

இந்தக் கோடை எங்களுக்குக் கடைசிக் கோடை. பிப்ரவரி முடியும்போது, இங்கே கோடையும் முடியும்போது, அவள் வட தீவுக்குப் படிக்கப் போகிறாள். அதற்குள் நாலு பந்தயம். நாலையும் முடித்தால்தான் எங்கள் பகுதியின் அணிக்கு அவள் பெயரைப் பார்ப்பார்கள்.

2

பந்தயம் இல்லாத சனிக்கிழமைகளில் கூட்டமாக ரோட்டில் ஓட்டுவோம். பேக்கரி வாசலில் காலை ஏழு மணிக்குச் சேருவோம். ஜூடித் என்று ஒரு பெரியம்மா, ஓய்வுபெற்ற டீச்சர், அவர்தான் தலைவி. இங்கே எல்லோரும் அவரை ஜூடித் என்றுதான் கூப்பிடுகிறார்கள். என்னைவிட இவ்வளவு பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அதனால் நாலு வருஷமாக அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளிக்கிறேன்.

கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு. இரண்டு இரண்டு பேராக நெருங்கிப் போவோம். முன்னால் போகிற ஜோடி எதிர்காற்றை வாங்கிக்கொள்ளும். பின்னால் வருகிறவர்களுக்குக் காற்று தெரியாது, பாதி உழைப்பு மிச்சம். கொஞ்ச நேரத்தில் முன் ஜோடி விலகிப் பின்னால் வரும், அடுத்த ஜோடி முன்னால் போகும். ரோட்டில் பள்ளம் இருந்தால் விரலைக் கீழே நீட்டிக் காட்ட வேண்டும். காட்டியதைப் பின்னால் இருப்பவரும் காட்ட வேண்டும்.

எனக்கு இதெல்லாம் யாரும் சொல்லவில்லை. நான் முதல் இரண்டு மாதமும் கூட்டத்தின் வாலிலேயே ஓட்டினேன். முன் ஜோடி விலகி, என் முறை வரும்போது, நானும் நைசாக விலகிப் பின்னால் போய்விடுவேன். புதிதாக வந்தவள், அதுவும் பெரியவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது, முந்திக்கொண்டு முன்னால் போவதா? எங்கள் பக்கத்தில் அதற்குத் திமிர் என்று பெயர்.

ஒருநாள் சாயங்காலம், பாத்திரம் துடைத்துக்கொண்டே ஹாசினி கேட்டாள்.

"அம்மா, நீ ஏன் முன்னாடியே போக மாட்டேங்கற? எல்லாரும் பேசிக்கறாங்க."

"என்னன்னு?"

"மத்தவங்க முதுகுக்குப் பின்னால சொகுசா ஒளிஞ்சிக்கிட்டு வர்றேன்னு."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. நான் மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தேன், அவர்கள் அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த சனிக்கிழமை ரோஷத்தோடு முன்னால் போனேன். போனவள் திரும்பி வரவே இல்லை. ஆஸ்பத்திரியில் டபுள் ட்யூட்டி பார்த்துப் பழகிய உடம்பு, யாராவது வந்து மாற்றிவிடும்வரை நிற்காது. ஒரு மேட்டின் உச்சியில் திரும்பிப் பார்த்தால் பின்னால் யாருமே இல்லை. ஜூடித் அம்மா மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"உனக்கு மேட்டில் நல்ல கால். எங்கே கற்றுக்கொண்டாய்?" என்றார்.

"எனக்குக் கால் எல்லாம் இல்லை. எங்கள் அக்கா தள்ளிவிட்டு வளர்த்தாள்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அந்த மேட்டைப் பற்றி உங்களுக்கு இப்போது சொல்லிவிடுகிறேன்.

3

நைனாவும் அம்மாவும் கூலி வேலை. கரும்பு வெட்ட, வேர்க்கடலை பிடுங்க, எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். சொந்தமாக ஒரு கைப்பிடி மண் கிடையாது. அப்போது தொண்ணூறுகளின் தொடக்கம். புத்தூரில் எஸ்டிடி பூத்துகள் வந்தன. சித்தூர் பக்கம் மாம்பழக் கூழ் கம்பெனிகள் வந்தன. ரோட்டில் லாரி பெருத்துவிட்டது. எங்களுக்குத் தமிழில் படிக்க ஹைஸ்கூல் புத்தூரில்தான். அங்கே போக நடுவில் மலையைத் தாண்ட வேண்டும். கணவாய் மேடு என்போம்.

நானும் அமுலு அக்காவும் இரண்டு சைக்கிளில் போவோம். அவள் என்னைவிட இரண்டு வயது பெரியவள். எனக்கு யாரோ பழசாகக் கொடுத்த லேடீஸ் சைக்கிள். அக்காவுக்கு நைனாவின் சைக்கிள், நடுவில் பார் வைத்தது. பாவாடை தாவணியில் அதில் ஏறிப் போகிற பெண்ணைப் பார்க்கவென்றே டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அமுலு அக்கா அவர்களை ஒரு பார்வை பார்ப்பாள். அவர்கள் டீயைப் பார்ப்பார்கள்.

லாரி வருகிற பக்கம் அவள், ஓரத்துப் பக்கம் நான். எப்போதும் அப்படித்தான். மேடு ஆரம்பித்ததும் அவளுடைய இடது கை என் வலது தோளில் வந்து உட்காரும். துணியோடு சேர்த்துப் பிடிப்பாள். "மிதி மே, மிதி!" என்று கத்துவாள். ‘மே’ என்பது எங்கள் பக்கத்தில் ‘டி’ மாதிரி. உச்சிக்குப் போகும்வரை கையை எடுக்க மாட்டாள். பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது என் ரவிக்கையின் வலது தோள் மட்டும் கசங்கியிருக்கும்.

அந்த மேட்டில் என் கால் கல்லாகக் கனக்கும். அக்கா தள்ளியே இவ்வளவு கனம் என்றால், தனியாக ஏறினால் நம் கதி என்ன என்று பயப்படுவேன். ஒருமுறை அவளுக்கு அம்மைக்கட்டு வந்து, கன்னம் வீங்கி, ஒரு வாரம் வீட்டில் படுத்துவிட்டாள். நான் முதல் நாள் அழுதுகொண்டே கிளம்பினேன். மேடு எப்படியோ சீக்கிரம் முடிந்துவிட்டது. பின்காற்று போல என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தாவதோடு அக்கா நின்றுவிட்டாள். மாம்பழக் கூழ் கம்பெனியில் பழம் அறுக்கப் போனாள். நான் திருப்பதிக்குப் போய் இன்டர், அதாவது உங்கள் பிளஸ் டூ, படித்தேன், பிறகு நர்ஸிங். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பையன்கள் கம்ப்யூட்டர் படித்து ஹைதராபாத் போனார்கள், பெண்கள் நர்ஸிங் படித்துக் கடல் தாண்டினோம். முதலில் சவுதி, பிறகு இந்த ஊர். ஒவ்வொரு நாட்டிலும் என் சர்டிபிகேட்டை நம்பாமல் மறுபடி பரீட்சை வைத்தார்கள். இங்கே வந்த புதிதில், முப்பது வருஷமாக உங்களுக்குக் குடும்பப் பெயரே இல்லாமல் எப்படி இருந்தீர்கள் என்று ஒரு அதிகாரி கேட்டார். குடும்பம் இருந்தது, அதற்குப் பெயர் வைக்க நேரமில்லை என்றேன். சிரிக்கவில்லை.

இதில் எதைத் தாண்டும்போதும் என் வலது தோளில் அந்தக் கை இருப்பதாகவே நினைத்துக்கொள்வேன். பெருமையாக இருக்கும், கூடவே ஒரு சுருக்கும் இருக்கும். ரேணு தானாக ஏறிய மேடு ஒன்றும் இல்லை என்ற சுருக்கு. பாராட்டு வந்தால் வாங்கிக்கொள்ளத் தெரியாது. அது அமுலு அக்காவுக்குப் போய்ச் சேர வேண்டியது என்று தோன்றும்.

4

மலைப் பந்தயத்தில் நானும் கலந்துகொள்வேன். நாற்பத்தைந்து தாண்டிய பெண்கள் பிரிவில் நாங்கள் நாலு பேர். நான் நாலாவது. ஏற்றத்தில் எல்லோரையும் பிடித்துவிடுவேன். இறக்கத்தில் எனக்கு உயிர் மேல் ஆசை வந்துவிடும், பிரேக்கை விட மாட்டேன். இரண்டாவது பந்தயத்தில் அப்படியும் விழுந்து மணிக்கட்டு வீங்கியது. போனில் அமுலு அக்கா, "அங்க இன்னாத்துக்குடி எக்ஸ்ரே? பேசாம பிளேன் ஏறி வா. புத்தூர்ல கட்டு கட்டிக்கினு போலாம்" என்றாள். எலும்பு முறிவுக்கு ஊர் உலகமெல்லாம் புத்தூருக்கு வருகிறது, புத்தூர்க்காரி நான் வரக் கூடாதா என்பது அவள் நியாயம்.

மூன்றாவது பந்தயம் ஒரு பைன் காட்டில் நடந்தது. எல்லாப் பிரிவுக்கும் ஒரே பாதை. ஹாசினி வயதுக்காரர்களுக்கு அதிகச் சுற்று, எங்களுக்குக் குறைவு. நான் என் கடைசிச் சுற்றில் இருந்தேன். செம்மண் மாதிரி தூசி, நல்ல வெயில். காட்டின் நடுவில் ஒரு செங்குத்தான ஏற்றம். திரும்பியதும் மேலே ஹாசினியின் நீலச் சட்டை தெரிந்தது. அவள் எனக்கு எவ்வளவோ முன்னால் இருக்க வேண்டியவள். சைக்கிள் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. தொடையில் தசை பிடித்துக்கொண்டிருந்தது. பின்னாலிருந்தே எனக்குத் தெரிந்தது, நர்ஸ் அல்லவா.

நான் யோசித்ததாக நினைவில்லை. பக்கத்தில் போனேன். வலது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்தேன். அவள் நடு முதுகில் வைத்தேன். "மிதி மே, மிதி!" என்று கத்தினேன். அவள் ஏதோ சொன்னாள். எனக்குக் காதில் விழவில்லை. உச்சிவரை தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டுத்தான் மூச்சு விட்டேன். உச்சியில் மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் நின்றிருந்தார். அவரைப் பார்த்துச் சிரித்து, கையும் ஆட்டினேன்.

பந்தயம் முடிந்ததும் எங்களைக் கூடாரத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்த மஞ்சள் சட்டைக்காரர் பாதையைக் கண்காணிக்கிறவராம். நடுவராக ஒல்லியான ஒரு பெரியவர். நல்ல மனிதர். ஒருவரை இன்னொருவர் தள்ளக் கூடாது என்பது விதி என்று மெதுவாகச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "பாதை குறுகலான இடம் அது. தூசியில் வழுக்கியிருக்கும். நீங்கள் நிலை தடுமாறி, உங்கள் கை அவள் மேல் பட்டிருக்கும், அப்படித்தானே?" என்றார்.

"இல்லை இல்லை. நான் தடுமாறவே இல்லை. நன்றாக ஊன்றித் தள்ளினேன்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒருவேளை, விழாமல் இருக்க அவளைப் பிடித்தீர்களோ?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் விழுகிறவளா? பக்கத்தில் சிப்ஸ் தின்றுகொண்டிருந்த பாஸ்கரைத் திருப்பி நிறுத்தி, முதுகில் கையை வைத்து, "இப்படி" என்று தள்ளியே காட்டினேன். "நான் அவள் அம்மா" என்று விளக்கமும் சொன்னேன். பாஸ்கர் என் முழங்கையைக் கிள்ளினார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

நம் ஊர் மண்டல் ஆபீஸில் ஒரு குமாஸ்தா பேனாவை மூடிவைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தால் போதும். அவர் என்ன சொல்லச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்துவிடும். தமிழில் யோசித்துத் தெலுங்கில் சொல்லி வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடுவேன். இங்கே ஒரு மனிதர் இரண்டு தடவை கதவைத் திறந்துவிட்டார். நான் இரண்டு தடவையும் அதைச் சாத்தினேன். ஹாசினி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேரையும் நீக்கினார்கள். என் நாலாவது இடம் போனதில் எனக்கு ஒன்றுமில்லை. அவளுடைய அணி போய்விட்டது.

காரில் பாதி வழி வந்த பிறகுதான் அவள் பேசினாள்.

"நான் கேட்டேனா?"

"உனக்குக் கால் புடிச்சிக்கிச்சி. பாத்துக்கிட்டே போகச் சொல்றியா?"

"இறங்கித் தள்ளிக்கிட்டு நடந்திருப்பேன். கடைசியா வந்தாலும் நானா வந்ததா இருக்கும். விடுன்னு சொன்னேன், நீ விடல."

அவள் சொன்னது அதுவா? தப்பு என் மேல் என்று தெரிந்ததும் என்ன செய்வேன், கத்தினேன். "யாரும் தள்ளாம யாரும் மேல வர்றதில்லடி. உன் பெரியம்மா என்னைத் தள்ளலன்னா இன்னிக்கி நான் கரும்பு வெட்டிக்கினு இருப்பேன். நீ இங்க பொறந்தே இருக்க மாட்ட!"

"அது உன் கதைம்மா. எனக்கு வேணாம்" என்றாள்.

அதற்குப் பிறகு பழையபடி "ம்", "ஓகே". சனிக்கிழமை அவள் தனியாக வேறு பக்கம் ஓட்டப் போனாள். நான் பேக்கரி வாசலுக்குத் தனியாகப் போனேன். ஜூடித் அம்மா மகள் எங்கே என்று கேட்கவில்லை, ஒரு கேக் துண்டை என் பக்கம் நகர்த்தினார். எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. அவள் ஊரை விட்டுப் போவதற்குள் ஒரு தடவையாவது என் பக்கத்தில் ஓட்டிவிட வேண்டும். அதைக் கேட்க எனக்குத் துணிவு இல்லை.

5

"அமுலுவுக்கு போன் பண்ணு. நீ இட்லிகூட ஒழுங்கா வேக விட மாட்டேங்கற" என்றார் பாஸ்கர். எனக்கு அது சாயங்காலம், அக்காவுக்கு உச்சி வேளை. இப்போது அவளுக்கு ஒன்றரை ஏக்கர் நிலமும் இரண்டு ஜெர்சி மாடும் இருக்கின்றன. போனை எங்கேயோ சாய்த்து வைத்துவிட்டுப் புல் நறுக்கிக்கொண்டிருந்தாள். திரையில் பாதி அவள், பாதி மாடு.

"இன்னாமே, மூஞ்சி தொங்கிக்கினு கீது? துன்னியா இல்லியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். புல்லைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"பெத்த பொண்ண தள்னதுக்கு தண்டனையா? இன்னா ஊருடி அது!"

"சிரிக்காதக்கா. நீ எனக்குப் பண்ணததான நானும் பண்ணேன். கணவாய் மேட்டுல என் தோள்ல கை வச்சி தள்ளிக்கினே வருவியே."

அவள் சிரிப்பு நின்றது. மாடு மட்டும் அசை போட்டது.

"நான் எங்கடி தள்னேன்?"

"தினமும்தான்."

"ஏய், நைனா சைக்கிளு எருமை மாதிரி கனம். பிரேக்கு தேஞ்சிக்கினு கெடக்கும். என் பாவாட வேற செயின்ல மாட்டும். மேட்டாண்ட வந்தா எனக்கு மூச்சு நின்னுபூடும். உன்ன புடிச்சிக்கினுதான்டி ஏறுவேன். நீதான் என்ன இஸ்துக்கினு போவ."

"பொய் சொல்லாத."

"கங்கம்மா மேல ஆணை. உனக்கு தெரியாதா? நீ தெரிஞ்சிக்கினேதான் பேசாம வர்றன்னு நெனச்சேன். அக்கா கஷ்டப்படுது, சொன்னா வெக்கப்படும்னு சும்மா கீறா, எவ்ளோ நல்ல கொணம்னு உங்க மாமாகிட்டகூட சொல்லிக்கீறேன்."

"அப்ப ஏன் மிதி மே, மிதி மேன்னு கத்துவ?"

"நீ மிதிச்சாதான நான் ஏற முடியும்!"

கல்லாகக் கனத்த என் கால்கள், கசங்கிய ரவிக்கைத் தோள், அம்மைக்கட்டு வந்த வாரத்தில் சட்டென்று முடிந்த மேடு என்று எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எது எதற்கோ காரணம் கண்டுபிடித்தவள், இதைக் கண்டுபிடிக்கவில்லை.

அக்கா புல்லை மறுபடி கையில் எடுத்தாள். ஆனால் நறுக்கவில்லை. "அந்த வாரம் கன்னம் வீங்கி படுத்துக்கினு இருந்தன் பாரு. வலிக்காக அழுதேன்னு அம்மா நெனச்சிச்சி. அதுக்கில்ல. நீ தனியா போயி சல்லுனு ஏறிட்டு, இனிமே இவ எதுக்கு கூடன்னு என்ன வுட்டுட்டு போயிடுவியோன்னு அழுதேன்" என்றாள்.

"போகலியேக்கா" என்றேன்.

"இன்னா போகல? கடல் தாண்டி போய்க்கீற" என்று சொல்லி அவளே சிரித்தாள். பால்காரன் வருவான் என்று போனை வைத்துவிட்டாள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு முதலில் வந்தது கோபம். இத்தனை வருஷம் நான் ஒரு நன்றியைச் சுமந்து திரிந்தேன். யார் பாராட்டினாலும் தலையைக் குனிந்தேன். அதெல்லாம் என் கால்தான் என்றால், அந்தத் தலைகுனிவை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? இரண்டு நாள் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்குப் படுக்கை மாற்றும்போது, ஒரு காரணமும் இல்லாமல் சிரிப்பு வந்தது. அதோடு கண்ணிலும் தண்ணீர் வந்தது.

அதற்குப் பிறகுதான் இன்னொன்று உறைத்தது. விட்டுவிட்டுப் போய்விடுவாளோ என்று பயந்தவள்தான் தோளைப் பிடித்திருக்கிறாள். அப்படியானால் அந்தப் பைன் காட்டில் நான் என்ன செய்தேன்? ஹாசினியைத் தள்ளினேன் என்று நடுவரிடம் அடித்துச் சொன்னேன். விதிப்படி அது சரிதான். மற்றபடி நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

6

கடைசிப் பந்தயத்தில் ஹாசினி மூன்றாவதாக வந்தாள். அணியில் இடம் இல்லை என்று தெரிந்தே ஓட்டினாள். நான் அந்த நாள் சைக்கிளை எடுக்கவில்லை. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் என்னைத் தாண்டும்போது என் கைகளைப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் அவள் வாசலில் சைக்கிளுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தபோது, பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். மன்னிப்பு கேட்கத்தான் போனேன். வாயைத் திறந்தால் அமுலு அக்கா கதை வந்துவிட்டது. நைனா சைக்கிள், பாவாடை, லாரி, அம்மைக்கட்டு எல்லாம் சொன்னேன். நீ மிதித்தால்தானே நான் ஏற முடியும் என்ற இடம் வந்ததும், அவள் தண்ணீர்க் குழாயைத் தன் மேலேயே திருப்பிக்கொண்டு சிரித்தாள். பல நாளாக வீட்டில் கேட்காத சிரிப்பு.

"பெரியம்மா திருடி!" என்றாள், தமிழில். அவளிடம் மிச்சம் இருக்கிற தமிழில் இந்த இரண்டு வார்த்தைகளும் இருந்தது என் பாக்கியம்.

"நான் உன்னை விட்டிருக்கணும். நீ விடச் சொன்ன" என்றேன்.

அவள் செயினைத் துடைத்தாள். "ஆமா" என்றாள். துணியை உதறிவிட்டு, "சனிக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள். நாலு வருஷமாக ஏழு மணிக்குத்தான் என்று அவளுக்குத் தெரியாதா? நான் ஏழு மணி என்றேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் அவளுக்கு பிளேன். பேக்கரி வாசலில் ஜூடித் அம்மா எங்களை ஜோடியாக முன்னால் நிறுத்தினார். துறைமுகம் வரைக்கும் எதிர்காற்று. நாங்கள் இரண்டு பேரும் வாங்கிக்கொண்டோம், முறை வந்ததும் ஒழுங்காக விலகினோம். துறைமுகத்துக்கு மேலே ஒரு நீளமான மேடு இருக்கிறது. அதில் கூட்டம் எப்போதும் கலைந்துவிடும், அவரவர் மூச்சு அவரவருக்கு. ஹாசினி என்னைத் தாண்டிப் போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் போகவில்லை. என் வலப்பக்கம் வந்தாள். கார் வருகிற பக்கம் அவள், ஓரத்துப் பக்கம் நான்.

நான் இரண்டு கைகளாலும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இந்தக் கைகள் இனி தாமாக எங்கேயும் போகக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன். மேடு செங்குத்தாகத் தொடங்கும் இடத்தில் என் வலது தோளில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. சட்டையோடு சேர்த்துப் பிடித்தது.

என் கால் லேசாகவில்லை. கல்லாகக் கனத்தது. அந்தக் கனத்தை எனக்குத் தெரியும்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் எடுத்துவிடுவாளோ என்று பயம். பக்கத்திலிருந்து, எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு உச்சரிப்பில் குரல் வந்தது.

"மிதி மே, மிதி!"

பாதி மேடு இன்னும் மிச்சம் இருந்தது. நான் மிதித்தேன்.